எவ்வளவு நேரம் நிற்கும்?

மின்சாரத்தைச் சேமிக்க எது நல்லது என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எவ்வளவு நேரத்துக்கு? அரை நிமிடத்துக்கா, ஒரு ராத்திரிக்கா, ஆடியிலிருந்து மாசி வரைக்குமா? இதற்குப் பதில் தெரியாமல் பேட்டரியையும் அணையையும் ஒப்பிட்டுப் பேசினால் பேச்சுதான் நீளும்.

மின்வாரியத்தில் எனக்கு முதலில் போஸ்டிங் கிடைத்தது காடம்பாறையில். பிறகு நெடுங்காலம் சென்னையில் லோடு டெஸ்பாட்ச், அதாவது மாநிலத்தின் மின் உற்பத்தியையும் தேவையையும் நொடிக்கு நொடி சமன் செய்கிற இடம். ஓய்வு பெற்றதிலிருந்து கோவை, திருப்பூர் பக்கம் ஆலைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் பேட்டரி வைப்பது பற்றி யோசனை சொல்லி வருகிறேன். மூன்று இடத்திலும் வேலை ஒன்றே. வேண்டாத நேரத்தில் வருகிற மின்சாரத்தை வேண்டிய நேரத்துக்கு நகர்த்த வேண்டும். நகர்த்தும்போது எவ்வளவு சிந்துகிறது, எவ்வளவு செலவாகிறது, அந்த ஏற்பாடு எத்தனை வருஷம் தாங்குகிறது என்பதைப் பார்த்தேதான் இத்தனை காலமும் ஓடியிருக்கிறது.

ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். அந்தச் சாலையிலிருந்து பிரிந்து காட்டுக்குள் போனால் காடம்பாறை. மேலே காடம்பாறை அணை, கீழே மேல் ஆழியாறு அணை. இரண்டுக்கும் இடையில் மலைக்குள் குடைந்த மின்நிலையம். 100 மெகாவாட் மெஷின்கள் நான்கு. 1987க்கும் 1989க்கும் இடையில் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. வீட்டில் மோட்டார் போட்டுத் தண்ணீரை மாடித் தொட்டிக்கு ஏற்றி வைத்துவிட்டுப் பிறகு குழாயைத் திறக்கிறோமே, அதேதான். வித்தியாசம் என்னவென்றால் இங்கே ஏற்றுகிற மோட்டாரும் இறங்கும்போது மின்சாரம் தருகிற ஜெனரேட்டரும் ஒரே மெஷின். ஒரு திசையில் சுற்றினால் பம்ப், எதிர்த்திசையில் சுற்றினால் டர்பைன்.

தண்ணீர் இறங்கும் உயரம் ஏறக்குறைய 380 மீட்டர். இந்தத் துறையில் இருப்பவர்கள் மனதில் வைத்திருக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. ஒரு டன் தண்ணீர் 367 மீட்டர் உயரத்தில் இருந்தால் அதற்குள் இருப்பது சரியாக ஒரு யூனிட். ஆயிரம் லிட்டர் தண்ணீரைக் காடம்பாறை உயரத்துக்கு ஏற்றி வைத்தால், வீட்டில் ஒரு இஸ்திரிப் பெட்டி ஒரு மணி நேரம் எரியும் அளவுதான் சேர்கிறது. அதையும் முழுதாகத் திரும்ப எடுக்க முடியாது. ஏற்றும்போது பம்பிலும் குழாயிலும் கொஞ்சம் போகும், இறக்கும்போது மறுபடி கொஞ்சம் போகும். இப்படிப்பட்ட நிலையங்களில் நாலு யூனிட் போட்டால் மூன்று யூனிட், நன்றாக இருந்தால் அதற்குச் சற்று மேலே திரும்பி வரும். அதனால்தான் இதில் தண்ணீர் டன் டன்னாக வேண்டும். 100 மெகாவாட் கொடுக்கிற மெஷின் வழியே விநாடிக்கு 30 டன் தண்ணீர் இறங்கும்.

அப்போது இதைக் கட்டியதன் காரணம் காற்றாலை அல்ல. நெய்வேலியின் அனல் நிலையங்களும் 1980களின் நடுவில் ஓடத் தொடங்கிய கல்பாக்கம் அணு மின்நிலையமும் ராத்திரி பதினொரு மணிக்கு ஊர் தூங்கப் போய்விட்டது என்பதற்காக அணைகிற ஜாதி அல்ல. பாய்லரை ஓர் அளவுக்குக் கீழே இறக்கினால் தீ நிலைக்காது. நிறுத்திவிட்டுத் திரும்ப ஏற்ற எண்ணெய் எரிக்க வேண்டும், பல மணி நேரம் பிடிக்கும். ஆகவே நள்ளிரவில் மிஞ்சியதை வைத்துத் தண்ணீரை ஏற்றி, மாலை ஆறிலிருந்து பத்துவரை ஊர் முழுக்க விளக்குப் போடுகிற நேரத்தில் இறக்கினோம்.

பம்பாக ஸ்டார்ட் செய்வதைப் பார்க்காமல் இந்த மெஷினைப் புரிந்துகொள்ள முடியாது. டர்பைனாக ஓட்டுவது எளிது. கேட்டைத் திறந்தால் தண்ணீரே சுற்றிக் கொடுக்கும். பம்பாக ஓட வேண்டுமென்றால், அத்தனை பெரிய ரன்னர், அதாவது மெஷினின் சுழலும் சக்கரம், தண்ணீருக்குள் மூழ்கி நிற்கும்போது அதைச் சும்மா கிரிட்டோடு இணைத்துச் சுற்ற வைக்க முடியாது. அழுத்தக் காற்றை உள்ளே விட்டு ரன்னரைச் சுற்றியுள்ள தண்ணீரைக் கீழே தள்ளுவார்கள். காற்றில் நிற்கிற ரன்னரைத் தனி ஏற்பாட்டால் மெல்ல மெல்லச் சுற்றி முழு வேகத்துக்குக் கொண்டுவந்து கிரிட்டோடு சேர்ப்பார்கள். அதற்குப் பிறகே காற்றை வெளியே விட்டுத் தண்ணீரை உள்ளே அனுமதிப்பார்கள். அந்தக் கடைசி நிலையில் மெஷினின் குரல் மாறும். மூத்த ஃபோர்மேன் ஒருவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தது இதைத்தான்: “மீட்டரப் பாருங்க சார், வேண்டாங்கல. அதுக்கு முன்னாடி காது குடுத்துக் கேளுங்க. தண்ணி புடிச்சிருச்சுன்னா அது தானா சொல்லும்.” மெஷின் ஹாலில் வேலை செய்த யாருக்கும் இது தெரியும். பம்பிலிருந்து டர்பைனுக்கு மாற்றச் சில நிமிடங்கள் போதும். இதே வகை நிலையம் வேல்ஸில் டினோர்விக்கில் 1984இல் திறக்கப்பட்டது. காற்றில் சுற்றவிட்டுத் தயாராக வைத்திருக்கும் மெஷின்களைக் கொண்டு அங்கே 12 விநாடியில் 1320 மெகாவாட் கொடுக்க முடியும். தண்ணீர் மெதுவானது என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

என் மனது எப்போதும் தண்ணீர்ப் பக்கம் சாய்ந்தே இருக்கும் என்பதை மறைக்க மாட்டேன். அணையும் சுரங்கமும் நூறு வருஷம் நிற்கும். மெஷினை நாற்பது வருஷத்தில் புதுப்பித்தால் மறுபடி ஓடும். மேலே தண்ணீர் இருந்தால் இன்றைக்கும் எடுக்கலாம், அடுத்த வாரமும் எடுக்கலாம், வைத்திருப்பதால் கெடுவதில்லை. ஆனால் இடம் வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தேக்கம், இடையில் நல்ல உயரம், உறுதியான பாறை, மூன்றும் சேர்ந்த இடம் காட்டுக்குள்தான் இருக்கும். காடு என்றால் யானை வழித்தடம், சோலை, பழங்குடிக் குடியிருப்பு. கட்ட வருஷங்கள் பிடிக்கும். நீலகிரியில் போர்த்திமந்து அணையை மேல் தேக்கமாகவும் அவலாஞ்சி–எமரால்டைக் கீழ்த் தேக்கமாகவும் வைத்துத் திட்டமிட்ட குந்தா நீரேற்று நிலையம் 125 மெகாவாட் மெஷின் நான்கு கொண்டது. இரண்டு தேக்கமும் ஏற்கெனவே இருப்பவை. புதிதாகச் சோலையை மூழ்கடிக்காமல் 500 மெகாவாட் கிடைக்கிறது என்பதாலேயே இந்த மாதிரித் திட்டங்களை நான் ஆதரிக்கிறேன். புதுப் பள்ளத்தாக்கை மூழ்கடிக்க வேண்டிய திட்டம் என்றால் என் பதில் வேறாக இருக்கும்.

லோடு டெஸ்பாட்சுக்கு வந்தபோது அளவுகோல் மாறியது. அங்கே கண் எப்போதும் ஃப்ரீக்வென்சியின் மேல். 50 ஹெர்ட்ஸ் இருக்க வேண்டும். உற்பத்தியும் செலவும் அந்த விநாடியில் சமமாக இல்லையென்றால் அது ஏறும் அல்லது இறங்கும். 2003 ஜனவரியில் தென்மண்டலத்தில் ஏபிடி கட்டண முறை வந்து, கூடுதலாக இழுப்பவர் ஃப்ரீக்வென்சிக்கு ஏற்ப விலை கொடுக்க வேண்டும் என்றான பிறகுதான் ஒழுங்கு வந்தது. அதற்கு முன் 49க்குக் கீழே மணிக்கணக்கில் நின்ற நாட்கள் உண்டு. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியே தென்னக கிரிட் நாட்டின் மற்ற பகுதிகளோடு இணைந்தது. அது எங்களுக்குப் பெரிய நிம்மதி. பெரிய கிரிட் என்பதே ஒரு சேமிப்பு மாதிரி வேலை செய்யும். ஓரிடத்தில் குறைந்தால் இன்னோரிடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் ஆயிரக்கணக்கான டன் எடையுள்ள ரோட்டர்கள் தம் வேகத்திலிருந்து கொஞ்சம் கொடுத்து, அந்த முதல் சில விநாடிகளைத் தாங்கும்.

சோலார் பேனலில் அப்படிச் சுற்றுகிற எடை எதுவும் கிடையாது. விநாடிகளின் வேலைக்கு பேட்டரி வந்தது இதனால்தான். தெற்கு ஆஸ்திரேலியா 2016 செப்டம்பரில் மாநிலம் முழுக்க இருண்டது. அடுத்த ஆண்டு டிசம்பரில் அங்கே ஹார்ன்ஸ்டேலில் 100 மெகாவாட், 129 மெகாவாட்-மணி லித்தியம் பேட்டரி ஓடத் தொடங்கியது. இரண்டு வாரத்துக்குள் பக்கத்து விக்டோரியா மாநிலத்தில் 560 மெகாவாட் நிலக்கரி மெஷின் ஒன்று ட்ரிப் ஆனது. ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருந்த அந்த பேட்டரி ஒரு விநாடிக்குள் 7 மெகாவாட்டைக் கிரிட்டில் கொடுத்தது. 7 மெகாவாட் என்பது எண்ணிக்கையில் சொற்பம். அந்த வேகம் சொற்பமல்ல. டர்பைனின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் கேட்டைத் திறந்து, தண்ணீர் நகர்ந்து, டர்பைன் வேகம் பிடிப்பதற்குள் அது தன் பங்கைச் செய்து முடித்துவிடும். ஆனால் அந்த இரண்டு எண்களையும் வகுத்துப் பாருங்கள். முழு அளவில் கொடுத்தால் ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று மேலேதான் நிற்கும். செய்தியில் மெகாவாட்டை மட்டும் போட்டு மெகாவாட்-மணியை விட்டுவிடுகிறார்கள். எவ்வளவு கொடுக்கும் என்பது ஒன்று, எவ்வளவு நேரம் கொடுக்கும் என்பது வேறொன்று. இரண்டும் இல்லாமல் எந்தச் சேமிப்பைப் பற்றியும் பேசக் கூடாது.

2012, 2013இல் மாவட்டங்களில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போனபோது தமிழ்நாட்டு வீடுகள் தாமாகவே ஒரு சேமிப்பு நிலையமாக மாறின. கூடத்து மூலையில் இன்வெர்ட்டர், அதன் கீழே 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரி. 12 வோல்ட்டோடு பெருக்கினால் 1.8 யூனிட். அவ்வளவையும் எடுத்தால் பேட்டரி சீக்கிரம் போய்விடும். பாதியோடு நிறுத்திக்கொண்டால் நீண்ட நாள் உழைக்கும். பிளாண்டே 1859இல் கண்டுபிடித்த ஈயத் தகடும் கந்தக அமிலமும்தான் இன்றைக்கும் அதற்குள் இருக்கிறது. மலிவு. எந்த ஊரிலும் பழுது பார்க்க ஆள் உண்டு. பழையதை எடைக்குப் போட்டால் காசு வரும், ஈயம் மறுபடி ஈயமாகும். டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றி, ஹைட்ரோமீட்டர் வைத்து அமில அடர்த்தி பார்த்து, காலியாகவே போட்டு வைக்காமல் பார்த்துக்கொண்டால் விசுவாசமாக இருக்கும். காலியாகக் கிடந்தால் தகட்டில் வெள்ளை சல்பேட் இறுகிவிடும், பிறகு மீளாது.

இதன் முதல் எதிரி வெயில். 25 டிகிரிக்கு மேலே ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும் என்பது எங்கள் நடைமுறைக் கணக்கு. சிறிய மருத்துவமனை ஒன்றில் மேற்குச் சுவரை ஒட்டிய, ஜன்னலே இல்லாத அறைக்குள் பேட்டரி வரிசையை அடைத்திருந்தார்கள். ஐந்து வருஷம் வர வேண்டியவை இரண்டு வருஷத்தில் ஊதிக் கிடந்தன. ஐசியுவுக்கு மின்சாரம் தர வேண்டிய பேட்டரிகள் அவை. அறையை வடக்குப் பக்கம் மாற்றி, காற்றுப் போக வழி வைக்கச் செய்தேன். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளியேறும், மூடிய அறையில் ஒரு பொறி போதும் என்பதையும் எழுதிக் கொடுத்தேன்.

பல்லடம் பக்கத்தில் நூற்பாலை நடத்தும் ஒருவர் என்னிடம் கேட்டது: “ஏனுங்க சார், ராத்திரி கரண்ட்டுக்குத் தள்ளுபடி குடுக்கறாங்க, சாயங்காலம் கூடப் போடறாங்க. ராத்திரி வாங்கி பேட்டரில வெச்சு சாயங்காலம் ஓட்டுனா மிச்சமாகாதுங்களா?” நல்ல கேள்வி. உட்கார்ந்து கணக்குப் போட்டோம். உயரழுத்த இணைப்புக்கு உச்ச நேரத்தில் 25 சதவீதம் கூடுதல், இரவில் 5 சதவீதம் தள்ளுபடி. சாதாரண விலையை 100 பைசா என்று வைத்தால், இரவில் 95க்கு வாங்கி மாலையில் 125ஐத் தவிர்க்கிறோம். ஈய பேட்டரி போட்டதில் 75 சதவீதம் திருப்பித் தரும் என்றால், கைக்கு வருகிற ஒரு யூனிட்டின் அடக்கம் 127 பைசா. பேட்டரியை யாராவது இனாமாகக் கொடுத்தாலும் நஷ்டம். லித்தியம், இன்வெர்ட்டர் இழப்பும் சேர்த்து 85 சதவீதம் தரும் என்றால் அடக்கம் 112. மிச்சம் 13 பைசா. அந்தப் பதின்மூன்றில் பேட்டரியின் விலை, அதன் வட்டி, அறையைக் குளிர வைக்கும் ஏசி எல்லாம் அடங்க வேண்டும், அடங்கவில்லை. ஆனால் அவர் ஆலையில் கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஓட்டுகிறார். டீசல் யூனிட் இருபது ரூபாயைத் தாண்டும். நின்றுபோன ஸ்பிண்டிலில் அறுந்த நூலை மறுபடி இணைக்கவே ஆட்களுக்கு அரை ஷிஃப்ட் போய்விடும். டீசலோடு ஒப்பிட்டால் லித்தியம் முதல் நாளிலேயே ஜெயிக்கிறது. அதே பேட்டரிதான், வேலை மாறியதும் தீர்ப்பும் மாறிவிட்டது. டீசலுக்குப் பதிலாக வேண்டிய அளவுக்கு மட்டும் வாங்கினார்.

லித்தியத்தில் நான் இரும்பு-பாஸ்பேட் வகையையே சிபாரிசு செய்கிறேன். நிக்கல், கோபால்ட் கலந்ததைவிட எடை கூடும், கட்டடத்தில் நிற்கிற பேட்டரிக்கு எடை ஒரு பிரச்சினையே இல்லை. சூட்டைத் தாங்கும், ஆயிரக்கணக்கான முறை நிறைத்துக் காலி செய்யலாம். பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் விலை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குக்கு வந்துவிட்டது. என் காலத்தில் வேறெந்த மின்சாதனத்திலும் இப்படிப் பார்த்ததில்லை. ஒவ்வொரு செல்லையும் கண்காணிக்கிற பிஎம்எஸ் பலகையில் மிச்சம் பிடித்த பேட்டரியைத் தொடாதீர்கள் என்று மட்டும் எல்லோரிடமும் சொல்கிறேன். ஒரு செல்லில் சூடு பிடித்தால் பக்கத்துக்குப் பரவும், தண்ணீர் ஊற்றி உடனே அணைகிற தீ அல்ல அது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜெர்மனியின் ஹுண்டார்ஃபில் 1978 முதலும், அமெரிக்காவின் அலபாமாவில் மெக்கின்டாஷில் 1991 முதலும் உப்புப் பாறைக் குகைகளில் காற்றை அழுத்தி வைத்து மின்சாரம் எடுக்கிறார்கள். எடுக்கும்போது இயற்கை எரிவாயுவையும் எரிக்க வேண்டும். அத்தகைய உப்புக் குகைக்கு நம் மலைகளின் கெட்டிப் பாறையில் வழியில்லை. சுழல் சக்கரம் பெரும்பாலும் கால்மணி நேரத்துக்கு மேல் நிற்காது. வனேடியம் திரவ பேட்டரியில் எனக்கு நம்பிக்கை உண்டு. 1980களில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் மரியா ஸ்கைல்லாஸ்-கஸாகோஸ் குழு உருவாக்கியது அது. நேரம் கூட வேண்டுமென்றால் தொட்டியைப் பெரிதாக்கினால் போதும், திரவம் எரியாது. வனேடியத்தின் விலைதான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. ஹைட்ரஜனாக மாற்றித் திரும்ப மின்சாரமாக்கினால் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சினால் அதிகம். உரத்துக்கும் இரும்புக்கும் அதை அப்படியே பயன்படுத்துவது நல்லது.

எந்தக் கருவியும் இன்னும் எட்டாதது பருவ வேலை. தமிழ்நாட்டில் காற்றாலைகள் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டன. பாலக்காட்டுக் கணவாய், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி வழியாக மே மாதம் தொடங்கி செப்டம்பர் கடைசிவரை காற்று கொட்டும். ஐப்பசியில் அடங்கிவிடும். ஆடியில் காற்றாலை அதிபர்களுக்கு “இறக்குங்கள்” என்று போன் செய்ய வேண்டிய ராத்திரிகளில் எனக்கு மனம் வலிக்கும். கூலி கேட்காமல் வருகிற காற்று அது. அதை லித்தியத்தில் போட்டு மாசி வரை வைத்தால் வருஷத்துக்கு ஒரு முறை நிறைந்து ஒரு முறை காலியாகும் பேட்டரியாகிவிடும், அதன் விலை ஒருநாளும் திரும்பாது. அணைத் தண்ணீரைத் திறக்காமல் வைத்திருப்பதே நமக்கு இருக்கிற பருவச் சேமிப்பு. காற்று வீசும்போது நீலகிரி அணைகளை மூடி வைத்து, காற்று நின்றதும் திறக்கலாம். மேட்டூரில் இது நடக்காது. ஜூன் 12 டெல்டாவுக்குத் தண்ணீர் திறக்கிற தேதி, குறுவைக்காரருக்கு அது உயிர். காற்றும் அதே பருவத்தில்தான் உச்சத்துக்கு வரும். பாசனம் முதலில், மின்சாரம் பிறகு. அந்த வரிசையை மாற்றச் சொல்ல எனக்கு மனம் வராது.

இப்போது வெயில் மின்சாரம் கூடிவிட்டது. நடுப்பகலில் மிஞ்சுகிறது, சூரியன் இறங்கிய ஒரு மணி நேரத்தில் அத்தனையும் மறைந்து, அதே நேரத்தில் விளக்கும் மிக்சியும் ஏசியும் ஏறுகின்றன. ராத்திரித் தண்ணீர் ஏற்றுவதற்காகக் கட்டிய காடம்பாறைக்குப் பகலில் ஏற்ற வேண்டிய வேலை வந்துவிட்டது. மாலை ஆறிலிருந்து பத்துவரையான அந்த நாலு மணி நேரத்துக்கு லித்தியமும் தண்ணீரும் சேர்ந்துதான் வேண்டும். இவற்றைவிட மலிவான ஒன்று நம் வயல்களில் கிடக்கிறது. இந்த மாநிலத்தில் விவசாய பம்ப்செட் இணைப்புகள் 20 லட்சத்துக்கு மேல். சராசரி 5 குதிரைத்திறன் என்று வைத்தாலே, எல்லாம் ஒன்றாக ஓடினால் 7000 மெகாவாட்டைத் தாண்டும். காடம்பாறை 400. மும்முனை மின்சாரம் முறை வைத்து வருகிற ஊர்களில் விவசாயி நடுராத்திரியில் டார்ச் எடுத்துக்கொண்டு, பாம்புக்கும் பள்ளத்துக்கும் நடுவே மோட்டார் போடப் போகிறார். அந்தச் சுமை முழுவதையும் காலை ஒன்பதிலிருந்து நாலு மணிக்குள் கொண்டுவந்தால், அவருக்கும் தூக்கம், கிரிட்டுக்கும் பேட்டரி இல்லாத சேமிப்பு.

இதற்கு விவசாயியிடம் தொட்டி இருக்க வேண்டும். பகலில் ஏற்றி, வேண்டியபோது சொட்டுநீரில் விட வேண்டும். 100 மீட்டர் ஆழத்திலிருந்து எடுக்கிற போரில், 40 சதவீதத் திறனோடு ஓடுகிற சாதாரண மோட்டார் ஒரு யூனிட்டுக்கு ஒன்றரை டன் தண்ணீர் தூக்கும். ஒரு லட்சம் லிட்டர் தொட்டி நிறைந்தால் அதற்குள் 60 யூனிட்டுக்கு மேல் உழைப்பு நிற்கிறது. வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி அறுபதுக்கு மேல் அடுக்கினாலும் அவ்வளவுதான் கிடைக்கும், அதையும் ஐந்து வருஷத்தில் மாற்ற வேண்டும். உடுமலைப் பக்கம் தென்னந்தோப்புக்காரர்கள் சிலரோடு உட்கார்ந்து, தார்ப்பாய் விரித்த பண்ணைக் குட்டைக்கு ஆகும் செலவையும் அதே யூனிட்டுக்கு லித்தியம் வைத்தால் ஆகும் செலவையும் பக்கம் பக்கமாக எழுதி, அந்த ஃபீடருக்குப் பகல் முழுவதும் மும்முனை மின்சாரம் கேட்டு மனுவோடு இணைத்துக் கொடுத்திருக்கிறோம். அடுத்த மே மாதத்துக்குள் அனுமதி வந்தால் காற்றுப் பருவம் முழுக்க மீட்டர் வைத்துப் பார்க்க அவர்கள் தயாராக இருக்கிறார்கள்.